மோட்டார் ஓடுகிறது... தண்ணீர் பாய்கிறதா?

தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயிக்கு வெளியூரில் மூன்று நாள் தங்குவதே பெரும்பாடு. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார், கோழியை அடைப்பது யார், கரண்ட் வந்தால் மோட்டார் போடுவது யார் என்று, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் மனசு கிணற்று மேட்டில்தான் நிற்கும். அப்படிப்பட்டவர் மூன்று மாதத்துக்குச் சாளையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டி வந்தால் என்ன செய்வார்?

தாராபுரம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்படி வந்தது. அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. 4 ஏக்கர் தோட்டம். அதில் 2 ஏக்கரில் காய்ப்பில் இருக்கும் தென்னை 140 மரம். மீதியில் சின்ன வெங்காயம், கொஞ்சம் சோளத்தட்டு. ஒரே மகள், தாம்பரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால், பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிப்ரவரி கடைசியில் இவர்கள் இருவரும் கிளம்பினார்கள். மாடு இரண்டும் மச்சினன் ஊருக்குப் போயின. வெங்காயத்தை எடுத்தாகிவிட்டது. தென்னையை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

பக்கத்துத் தோட்டம் பங்காளியுடையது. சித்தப்பா மகன். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். ஆனால், ஒரு எல்லைக்கல் விவகாரத்தில் இரண்டு பேரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. “அவங்கிட்டப் போயி மோட்டாரப் போடுடான்னு நான் நிக்கறதா?” என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பஸ் ஏறித் தாராபுரம் போய், மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கிவந்தார். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பெட்டியை வாங்கியதற்கு முதல் காரணம்.

இந்தப் பெட்டி இப்போது பல கிராமங்களில் இருக்கிறது. சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் கருவி. அதை ஸ்டார்ட்டரோடு இணைத்துவிடுகிறார்கள். மும்முனை மின்சாரம் வந்தால் நமக்குப் போன் அடித்துச் சொல்லும். அவர் வாங்கியதில் ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஒரு பேஸ் போனாலோ, வோல்டேஜ் குறைந்தாலோ, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றினாலோ தானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். பொருத்த வந்த மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். பெட்டி 2ஜி-யில் வேலை செய்யும் ரகம். விவசாயி கையில் வைத்திருந்ததோ ஜியோ சிம். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அதைப் போட்டால் பெட்டி ஊமையாகத்தான் இருக்கும் என்று சொல்லி, தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று நடந்து பார்த்து வேறு சிம் வாங்கிப் போட்டார். பெட்டி வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்த பிறகு சிம்மைக் குறை சொல்லிப் பயனில்லை.

தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருந்தார். மரத்துக்கு நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓடினால் மரத்துக்கு 64 லிட்டர். பிப்ரவரியிலிருந்து மே வரை சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஆக, கணக்கு சரி. தாம்பரத்து மாடி வீட்டில் காலைக் காபியைக் குடித்துக்கொண்டே ஒன்றை அழுத்துவார். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டை அழுத்துவார். 400 கிலோமீட்டருக்கும் அப்பால் தண்ணீர் பாய்ந்து முடிந்திருக்கும். சம்பந்தி வீட்டார் வந்தபோது அவர்களுக்கும் அழுத்திக் காட்டினார். மூன்று வாரம் இப்படி ஓடியது.

மார்ச் நடுவில், தோட்டத்து வழியாக ஆடு ஓட்டிப்போகும் ஓர் அம்மாள் மனைவியின் போனுக்குக் கூப்பிட்டாள். “ஏனுங்க்கா, ஊருக்கு வந்துட்டீங்களா? வேலியோரம் தண்ணி கொளமா நிக்குதுங்க. எங்காடெல்லாம் ஒரு வாரமா அங்கதான் தண்ணி குடிக்குது. வடவரத்துத் தென்னையில மட்டையெல்லாம் தொங்கிப்போச்சே, அதுக்குப் பாயலீங்களா?”

வடக்குப் பக்கத்து 70 மரத்துக்குப் போகும் சப்மெயின் குழாயில், வெயிலில் கிடந்த ஒரு ஜாயின்ட் விட்டுப்போயிருந்தது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பெட்டி ஒழுங்காகத் தகவல் கொடுத்தது. மோட்டார் ஓடியது, ஆம்பியர் சரி, வோல்டேஜ் சரி, இரண்டு மணி நேரம். ஒன்றும் பொய்யில்லை. 5 குதிரைசக்தி மோட்டார் தண்ணீரோடு ஓடும்போது ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். கிணறு வறண்டால் அது இறங்கும், பெட்டி கண்டுபிடித்துவிடும். குழாய் உடைந்தால் மோட்டார் தண்ணீரைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஆம்பியரில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தத் தண்ணீர் மரத்துக்குப் போகிறதா, வேலிக்குப் போகிறதா என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தென்னையில் ஒன்பது நாள் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வெங்காயம் என்றால் பயிரே போயிருக்கும், தென்னை சாகாது. ஆனால், குரும்பை கொட்டும். பாளை வெடித்துக் காய் முற்ற ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்குவதோ அதற்கும் வெகுகாலம் முன்பு. அதனால் ஒரு கோடையில் மரம் காய்ந்தால், அடுத்த இரண்டு வருஷத்துக் காய்ப்பிலும் அது தெரியும். நல்ல மழை பெய்த வருஷத்தில் ‘காய் ஏன் குறைந்தது?’ என்று கேட்டு வருகிற தென்னை விவசாயிகளிடம், முந்தின கோடைகளைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

மச்சினன் வந்து ஜாயின்ட்டை ஒட்டினார். அப்படியே மருமகன் சொன்னபடி ஒரு வேலையும் செய்தார். வாசல் கேட்டைப் பார்த்தபடி ஒரு சிம் கார்டு கேமரா மாட்டியிருந்தார்கள், சோலார் தகட்டோடு. திருடன் வந்தால் போனில் மணி அடிக்கும் என்று வாங்கியது. திருடன் வரவில்லை. நாய் வந்தது, மயில் வந்தது, காற்றில் வாழை இலை ஆடியது. ராத்திரிக்கு முப்பது, நாற்பது தடவை மணி. ஒரு வாரத்திலேயே அவர் அந்த மணியை அணைத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தால் யார்தான் எழுந்து பார்ப்பார்கள்? அந்தக் கேமராவைக் கழற்றி, சொட்டுநீர் ஃபில்டரில் இருக்கும் பிரஷர் மீட்டரைப் பார்த்தபடி மாட்டினார்கள். இது உருப்படியான யோசனை. மோட்டார் ஓடும்போது முள் எங்கே நிற்கும் என்று தெரியும். திடீரென்று கீழே விழுந்தால் எங்கோ குழாய் விட்டிருக்கிறது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மீட்டருக்கும் இடையில் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, கழுவ வேண்டும். திருடனைப் பார்க்க வாங்கிய கேமரா தண்ணீரைப் பார்த்தது.

அடுத்தது மார்ச் கடைசியில். நான்கு நாளாகப் பெட்டியிலிருந்து ஓர் அழைப்பும் இல்லை. கரண்ட் போய் வந்தால்தானே கூப்பிடும்? “கரண்டு நிக்கவே இல்லையாட்ட இருக்குது, தங்கமா இருக்குது” என்று மனைவியிடம் சொன்னார். தினமும் காலையில் அவரே கூப்பிட்டு மோட்டாரைப் போட்டுவந்தார், அது ஓடியது. ஐந்தாம் நாள் காலை அவர் கூப்பிட்டபோது, அந்த எண் சேவையில் இல்லை என்று வந்தது. மறுபடி, மறுபடி அதே குரல். மயில் எச்சமிட்டதோ என்னவோ, கேமராவிலும் வெள்ளையாக ஏதோ தெரிந்ததே தவிர, முள் தெரியவில்லை.

கிணற்று மோட்டார் வயரை, தாமிரத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துப்போவது அந்தப் பக்கம் கேள்விப்படாத விஷயமல்ல. அவர் மனசு அங்கேதான் போனது. மகளுக்கோ எந்த நாளும் வலி எடுக்கலாம் என்ற நேரம். மச்சினன் அன்று பார்த்து பழனியில். அன்று ராத்திரி பஸ்ஸுக்குச் சட்டையை எடுத்து வைத்துவிட்டார்.

மனைவி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஆண்கள் இருவரும் பேசாத அந்த ஆறு வருஷத்தில் பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. கோயிலில், ரேஷன் கடையில், சந்தையில் பார்த்தால் பேசிக்கொள்வதுதான். அது இரண்டு ஆண்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். பத்து நிமிஷத்தில் பங்காளி மனைவி திரும்பக் கூப்பிட்டாள். “வயரெல்லாம் இருக்குதுங்க்கா. கரண்டும் இருக்குது. பொட்டியில டவர் லைட்டு மட்டும் மினுங்கலையாமாம். மோட்டார அவரே கையில போட்டுட்டாரு. ரெண்டு மணி நேரந்தானுங்களே? இருந்து நிறுத்திப்போட்டு வரேன்னு கெணத்து மேட்டுல உக்காந்திருக்காரு.”

அவர் எடுத்து வைத்த சட்டையைத் திரும்ப மாட்டினார். ஒன்றும் பேசவில்லை.

சிம்மின் வேலிடிட்டி முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். 28 நாள் ரீசார்ஜ். நம் கையில் இருக்கும் போன் என்றால், முடியப்போகிறது என்று நாலு நாள் முன்பிருந்தே குறுஞ்செய்தி வரும், நாமும் பார்ப்போம். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு வரும் செய்தியை யார் பார்ப்பது? வேலிடிட்டி முடிந்ததும் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும். உள்ளே வரும் அழைப்பு இன்னும் சில நாள் ஓடி, பிறகு அதுவும் நிற்கும். அந்த நான்கு நாள் அவர் தங்கம் என்று சொன்ன கரண்ட், நிஜத்தில் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியால் சொல்ல முடியவில்லை.

தூரத்திலிருந்து எதைக் கண்காணித்தாலும், அது பம்ப்செட்டோ பூட்டிய வீடோ, இந்த இடத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்கிறோம். கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய பெட்டி, அதே கரண்டில்தான் ஓடுகிறது. உள்ளே பேட்டரி இருந்தால் சில மணி நேரம் தாங்கும், இல்லையென்றால் கரண்ட் போன நொடியிலேயே வாய் மூடிவிடும். வாங்கும்போது, ‘கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் பேசும்?’ என்று கேளுங்கள். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போன் போட்டுப் பாருங்கள். பிறகு, வேலை இருக்கிறதோ இல்லையோ, தினம் ஒரே நேரத்தில் பெட்டியைக் கூப்பிட்டுக் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பதில் வரவில்லை என்றால் கெட்ட செய்தி வந்ததாகவே எடுத்துக்கொண்டு ஆளை அனுப்ப வேண்டும். சிம்முக்கு ஒரு வருஷத்து ரீசார்ஜைச் சேர்த்துப் போட்டு, முடியும் தேதியைக் காலண்டரில் எழுதிவிடலாம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். பங்காளி வீட்டிலிருந்து அவளுக்கு வெள்ளிக் கொலுசு வந்தது, மச்சினன் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் ஓடிய அரை மணி நேரத்தில் ‘தண்ணீர் இல்லை’ என்று பெட்டி நிறுத்திவிடும். கிணற்றில் தொங்கும் நீர்மூழ்கி மோட்டாரை இன்னும் பத்தடி கீழே இறக்க வேண்டும். கப்பி போட்டு, ஆள் உள்ளே இறங்கிச் செய்கிற வேலை. பெண்கள் வழியாகவே பேசி, பங்காளி இறக்கித் தருவதாக முடிவானது. “ஆளு கெடச்சா நாளைக்கு, இல்லாட்டி நாளன்னைக்கு” என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு கரண்ட் போனது, பெட்டி சொன்னது. கரண்ட் வந்ததும் அரை மணி நேரமாவது ஓட்டிவிடலாம் என்று அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதினொன்றரை ஆகியும் அழைப்பு வரவில்லை. பெட்டியைக் கூப்பிட்டால், மின்சாரம் இல்லை என்றது. அதே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் இன்னொரு விவசாயியைக் கூப்பிட்டார். “கரண்டா? பதினொண்ணு இருவதுக்கே வந்துருச்சுங்களே மாமா!” பெட்டி மறுபடி கெட்டுவிட்டது என்று கோபம். முதன்முறையாகப் பங்காளி எண்ணுக்கே அடித்தார், எடுக்கவில்லை. மனைவி, பங்காளி மனைவிக்கு அடித்தாள்.

“பீசு மூணும் என் மடியிலதான் இருக்குதுங்க்கா. அவரும் பையனும் கெணத்துக்குள்ள நிக்கறாங்க. மேல வர்ற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்.”

அந்த அம்மாள் எட்டாவது வரை படித்தவள். மொபைல் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “போனுல போடற மோட்டாரு, எப்ப ஓடும்னு அதுக்கே தெரியாது” என்பது அவள் கணக்கு. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று புருஷன் அப்படியே இறங்கப் பார்த்தபோது, மெயின் சுவிட்சை அணைக்கவைத்து, பீஸ் கேரியர் மூன்றையும் கழற்றி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் 11.20-க்குத் தாம்பரத்தில் போன் அடித்திருக்கும். அவர் ஒன்றை அழுத்தியிருப்பார். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு பேர், மோட்டாரைத் தொட்டபடி.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் பங்காளி எண்ணுக்கு மறுபடி அடித்தார். இந்தத் தடவை எடுத்தார். “மோட்டார் எறக்கியாச்சுங்ணா. பத்தடிக்கு மேல எறக்க ஓஸ் பத்தல” என்றாராம். “செரி. நீ ஏறி வந்துட்டீல்ல?” என்று இவர் கேட்டாராம். அவ்வளவுதான் பேச்சு.

மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கரண்ட் இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. சில பெட்டிகளில் ‘ஆட்டோ’ என்று ஒரு வசதி இருக்கிறது, கரண்ட் வந்ததும் யாரும் அழுத்தாமலே மோட்டார் ஓடத் தொடங்கும். கிணற்றில் இறங்கினாலும், குழாயில் கை வைத்தாலும், ஸ்டார்ட்டரில் எறும்பும் பல்லியும் புகுந்து அடைத்ததைச் சுத்தம் செய்தாலும், முதலில் மெயினை அணைத்து, பீஸைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை மறுபடி சொருகுவது, வேலை செய்த ஆள் வெளியே வந்து அவரே சொன்ன பிறகுதான். வெளியூரில் இருப்பவரும், தோட்டத்தில் ஆள் வேலை செய்யும் நாள் என்று தெரிந்தால், அன்று போனைத் தொடாமல் இருப்பது நல்லது. பெட்டியில் யார் யார் எண் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். இவருடையதில், பொருத்திவிட்டுப் போன மெக்கானிக்கின் எண்ணும் அப்படியே இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அழிக்க மறந்திருக்கிறார். ஆனால், அவர் கை பட்டாலும் மோட்டார் ஓடியிருக்கும்.

இன்னொன்று. இரண்டு பேஸ் மட்டும் இருக்கும்போது கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மொபைல் ஸ்டார்ட்டரின் பேஸ் பாதுகாப்பையே மாற்றி இணைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து ஓட்டும்போதே மோட்டார் சூடேறிக் காயில் கருகுகிறது. ஆளே இல்லாத தோட்டத்தில் அதைச் செய்வது, காயில் கட்டும் கடைக்கு முன்பணம் கொடுப்பது போலத்தான்.

வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுத்துவருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை, உச்சவரம்பு 7,000 ரூபாய் என்ற அளவில் தந்திருக்கிறார்கள். கடைக்குப் போகும் முன் உங்கள் கோட்டத்து உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் சிரமம். இவர் அப்படித்தான் அவசரத்தில் முழு விலை கொடுத்தார். பங்காளி இப்போது முறையாக மனுக் கொடுத்திருக்கிறார்.

மே கடைசியில் பேத்தியோடு எல்லோரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். வடக்குப் பக்கத்தில் குரும்பை நிறையவே கொட்டியிருந்தது. மருமகன் உட்கார்ந்து பெட்டியில் மெக்கானிக் எண்ணை அழித்துவிட்டு, பங்காளி மனைவியின் எண்ணைப் பதிந்தார். எல்லைக்கல்லுக்கான அளவை மனு இன்னும் தாலுகா அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதை இரண்டு பேரும் திரும்பப் பெறவில்லை.